டோக்கியோ: ஏசிக்குள் ‘பொக் பொக்’, சிக்னலில் குஞ்சுச் சத்தம், தெருவெல்லாம் பூவாசம்

புதுவரவு:
வணக்கம். முதுகலை படிக்க டோக்கியோ வந்து ஒரு மாதம் ஆகிறது. மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. நாலு விஷயம் புரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சமைக்கும்போதெல்லாம் ஏசியிலிருந்து ‘பொக்... பொக்...’ என்று விரலால் தட்டுகிற மாதிரி சத்தம். ஏசி அணைத்திருந்தாலும் வருகிறது. சாயங்காலம் 5 மணிக்கு எங்கோ ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு. சாலை கடக்கிற இடத்தில் ஒரு பக்கம் குஞ்சு கத்துகிறது, இன்னொரு பக்கம் குயில் கூவுகிறது. அக்டோபர் தொடக்கத்தில் தெருவெல்லாம் பழுத்த பழம் போல ஒரு வாசம். ஒரு மழைக்குப் பிறகு காணோம்.

மூன்றாம்மாடி:
ஏசியில் கோளாறு இல்லை, அறைக்குள் காற்று வரவில்லை. சிம்னி விசிறி உள்ளே இருக்கிற காற்றை வேகமாக வெளியே தள்ளும். புதுக் கட்டடங்களில் கதவு, ஜன்னல் இடுக்கே இல்லாமல் அடைத்திருப்பார்கள். போன காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழி வேண்டுமே. அது ஏசித் தண்ணீர் வடிகிற டியூப் வழியாக வரும். டியூபில் தேங்கிய தண்ணீரை முட்டிக்கொண்டு காற்று ஏறும்போதுதான் அந்தப் ‘பொக்’. அதே நேரத்தில் வாசல் கதவைத் தள்ளிப் பாருங்கள், வழக்கத்தைவிடக் கனமாக இருக்கும். ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்ததும் சத்தம் நின்றால் காரணம் இதுவேதான்.

சுவரின் மேல்பக்கம் வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். வெளிக்காற்று உள்ளே வருவதற்கான துளை அது, பெயர் கியூகிகோ. குளிருக்குப் பயந்து முன்பு குடியிருந்தவர் மூடிவிட்டுப் போயிருப்பார். சில மாடல்களில் நடுவில் அழுத்த வேண்டும், சிலவற்றில் திருக வேண்டும். உள்ளே ஃபில்டர் கறுத்துக் கிடந்தால் திறந்தும் பயனில்லை. கழற்றித் தூசியை உறிஞ்சி எடுங்கள், துவைக்கும் வகை என்றால் அலசி நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

அதற்குப் பிறகும், காற்று பலமாக அடிக்கிற நாளில் சத்தம் வந்தால், பால்கனியில் தொங்கும் டியூபுக்கு ஒரு வால்வு கிடைக்கும். தண்ணீரை வெளியே விடும், காற்றை உள்ளே விடாது. டியூபின் உள்விட்டம் 14 அல்லது 16 மில்லிமீட்டர் இருக்கும், அளந்து வாங்குங்கள். வாடகை வீடு என்பதால் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாட்டுவது நல்லது. வருஷத்துக்கு ஒரு முறை, கோடைக்கு முன்னால், கழற்றிக் கழுவ வேண்டும். வழவழ அழுக்கு அடைத்தால் தண்ணீர் திரும்பி அறைக்குள் சொட்டும். டியூப் முனையைத் துணியாலோ டேப்பாலோ அடைப்பவர்களுக்கும் இதே கதிதான்.

தாளிப்பு வாடை துணியில் ஏறுகிறது என்று பலர் இங்கே கேட்பதுண்டு. அதற்கும் இதே மருந்து. காற்று உள்ளே வராமல் சிம்னி புகையைச் சரியாக இழுக்காது. கடுகு போடுவதற்கு 2 நிமிடம் முன்பே விசிறியைப் போடுங்கள், இறக்கிய பிறகும் 10 நிமிடம் ஓடட்டும். குளியலறையில் ஓயாமல் ஓடும் சின்ன விசிறியை நிறுத்தாதீர்கள். 2003இல் சட்டம் மாறிய பிறகு கட்டிய வீடுகளில் அது 24 மணி நேரமும் ஓட வைத்ததுதான்.

மஞ்சள்கோடு:
5 மணி மெட்டு, பேரிடர் அறிவிப்பு ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று தினமும் சரிபார்ப்பதற்கு. பிள்ளைகள் வீடு திரும்புவதற்கும் அதுவே மணி. குளிர்காலத்தில் பல இடங்களில் 4.30க்கே வரும். மெட்டு இல்லாமல் பேச்சு கேட்டால் மட்டும் கவனியுங்கள். பல கம்பங்களிலிருந்து வரும் குரல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். அதனால்தான் சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசுவார்கள். தவறவிட்டால் திரும்பக் கேட்கத் தொலைபேசி எண் பல வார்டுகளில் உண்டு.

சிக்னல் ஒலி பார்வையற்றவர்களுக்கானது. ‘பியோ’ ஒரு திசைக்கும் ‘கக்கோ’ அதைக் குறுக்கே வெட்டும் திசைக்கும். நின்று கேளுங்கள்: இந்தக் கரையில் ‘பியோ’, உடனே எதிர்க்கரையில் ‘பியோ பியோ’. இரண்டும் மாறி மாறி அழைப்பதால் நடப்பவர் கோணாமல் நேரே போய்ச் சேருகிறார். எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது. அக்கம்பக்கத்தார் தூக்கத்துக்காக இரவில் பல இடங்களில் நிறுத்திவிடுவார்கள்.

இலையுதிர்:
அந்த வாசம் கின்மோக்குசேய். ஆரஞ்சு நிறத்தில், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய பூ, நாலு இதழ். இலைக்காம்பை ஒட்டி ஒளிந்திருப்பதால் மூக்குக்குத் தெரிந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். ஒரு வாரம் இருந்தால் அதிகம். பெருமழை பெய்தால் மொத்தமும் உதிர்ந்து மரத்தடி ஆரஞ்சுக் கம்பளமாகிவிடும்.

அடுத்தது கிங்கோ. டோக்கியோவின் அடையாள மரமே அதுதான், பல்கலைக்கழக வளாகங்களிலும் வரிசையாக நிற்கும். பெண் மரத்தின் கனி விழுந்து நசுங்கினால் சிக்கெடுத்த வெண்ணெய் வாடை. உவமைக்குச் சொல்லவில்லை, கெட்டுப்போன வெண்ணெயில் இருக்கும் பியூட்ரிக் அமிலமேதான் அந்தச் சதையிலும் இருக்கிறது. செருப்பின் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு அறை முழுக்க நாறும். வாசலுக்கு வெளியிலேயே பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு உள்ளே வாருங்கள். கனியை வெறுங்கையால் தொட வேண்டாம், சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கும்.

புதுவரவு:
மூடியைத் திறந்தேன், ‘பொக்’ நின்றுவிட்டது. ஆனால் இப்போது அங்கிருந்து குளிர்காற்று நேரே படுக்கைமேல் அடிக்கிறது. இரவில் மூடலாமா?

மூன்றாம்மாடி:
முழுக்க மூடாதீர்கள். ஜன்னல் கண்ணாடியில் ஈரம் கோத்து, டிசம்பரில் திரைச்சீலை ஓரம் கறுப்புப் பூஞ்சை வரும். பாதி திறப்பு வைக்கிற மாடலாக இருந்தால் பாதி. இல்லையென்றால் படுக்கையை எதிர்ச்சுவருக்கு நகர்த்துங்கள்.