கால்கரிக்குக் கிளம்பும் வேலூர்ப் பிள்ளைகளுக்கு: ஸ்கீ மாட்டி மலைக்குள் போகும் முன்

லீவுக்கு வேலூர் வந்திருக்கிறேன். சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் கனடா விசா கிடைத்த பிள்ளைகள் வீட்டுக்கு வந்து வாடகை, வங்கிக் கணக்கு, ஜாக்கெட் என்று கேட்கிறார்கள். அதையெல்லாம் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். ஒரு தம்பி மட்டும் ஸ்கீயைப் பற்றி, அதாவது காலில் நீளப் பலகை மாட்டிப் பனியில் சறுக்குவதைப் பற்றிக் கேட்டான்: "அண்ணா, ரிசார்ட் டிக்கெட் ரொம்ப விலையாமே. டிக்கெட் இல்லாமல் மலைக்குள்ளேயே ஸ்கீ போகிறார்களாம். நானும் போகலாமா?"

போகலாம் தம்பி. ஆனால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

ரிசார்ட்டில், அதாவது டிக்கெட் வாங்கி ஸ்கீ விளையாடும் மலைப்பகுதியில், ஆபத்தான சரிவுகளில் ஊழியர்களே வெடி வைத்துப் பனியை இறக்கிவிட்ட பிறகுதான் ஆளை விடுவார்கள். எல்லைக் கயிற்றைத் தாண்டினால் அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை. மலையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழுவதுதான் பனிச்சரிவு (அவலாஞ்ச்). அதில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் விஷயத்தில், அதைக் கிளப்பிவிட்டதே அவரோ கூட வந்தவரோதான்.

வேலூர் மலைகளில் ஏறி வளர்ந்தவர்களுக்குப் பாறை தெரியும். நேற்று இருந்த பாறை இன்றும் இருக்கும். பனி ஒரே ராத்திரியில் மாறிவிடும். கால்கரியை ஒட்டிய ராக்கி மலைகளில் பனியின் ஆழம் குறைவு, குளிர் அதிகம். அதனால் அடியில் இருக்கும் பனி ஒன்றோடொன்று ஒட்டாமல் மணி மணியாக உதிர ஆரம்பிக்கும். அதற்கு மேல் புதுப்பனியும் காற்று கொண்டுவந்து கொட்டும் பனியும் இறுகிக்கொண்டே போகும். முறத்தில் கேழ்வரகைப் பரப்பி, அதன்மேல் ஒரு பலகையை வைத்து முறத்தைச் சாய்த்துப் பாருங்கள், புரியும். அந்த உதிரி அடுக்கு குளிர்காலம் முழுக்க உள்ளேயே கிடக்கலாம். மேலிருந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று அழகாகத்தான் இருக்கும்.

அதனால் முடிவை முந்தின நாள் சாயங்காலமே வீட்டில் உட்கார்ந்து எடுங்கள். அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பின் இணையதளத்தில் குளிர்காலம் முழுக்க தினமும் பனிச்சரிவு ஆபத்து பற்றிய முன்னறிவிப்பு வரும். லோ (குறைவு), மாடரேட் (மிதம்), கன்சிடரபிள் (கணிசம்), ஹை (அதிகம்), எக்ஸ்ட்ரீம் (மிக அதிகம்) என்று ஆபத்துக்கு ஐந்து நிலைகள். கன்சிடரபிள் நடுவில் இருப்பதால் 'பரவாயில்லை' என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஆளின் எடையே பனியைக் கிளப்பிவிடக்கூடிய நிலை அது. புதியவர்கள் அன்றைக்குச் செங்குத்தான சரிவுப் பக்கமே போகக் கூடாது என்பது என் கருத்து. நிலையை மட்டும் பார்த்துவிட்டு மூடாமல், எந்தத் திசைச் சரிவில், எந்த உயரத்தில் பிரச்சினை என்று எழுதியிருப்பதையும் படியுங்கள்.

நம் கையில் இருக்கும் விஷயம் ஒன்றுதான்: சரிவின் கோணம். பலகையாகப் பிளந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள்தான் கிளம்பும். போனில் இருக்கும் ஆப்பே கோணம் அளக்கும். 30க்குக் கீழே இருங்கள். தலைக்கு மேலே செங்குத்தான சரிவு இருக்கிறதா என்றும் நிமிர்ந்து பாருங்கள். நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருந்தாலும் மேலிருந்து வருவது உங்கள் மேல்தான் விழும்.

நடக்கும்போது காதைத் திறந்து வையுங்கள். காலடியில் 'வும்ப்' என்று ஒரு சத்தம் வந்து பனி லேசாக அமுங்கினால், உள்ளே அடுக்கு உடைந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடினாலும், பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்திருந்தாலும், அன்றைக்கு அவ்வளவுதான், திரும்பிவிடுங்கள்.

உள்ளே உதிரி அடுக்கு இருக்கிறதா என்று குழி தோண்டிப் பார்க்கும் முறையும் உண்டு. பக்கத்துக்கு 30 செ.மீ. அகலத்தில் ஒரு பனித்தூணை நாலு பக்கமும் அறுத்துத் தனியாக்கி, மேலே ஷவலின் (பனி அள்ளும் மண்வாரி) தகட்டை வைப்பார்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில், எந்த ஆழத்தில் வெட்டியது போல நழுவுகிறது என்று பார்ப்பார்கள். சீக்கிரம் நழுவினால் அந்தச் சரிவை விட்டுவிட வேண்டும். நழுவாவிட்டால் பாதுகாப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்தடி தள்ளித் தோண்டினால் வேறு பதில் வரலாம்.

ஒவ்வொருவரிடமும் ட்ரான்ஸீவர் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), ஷவல் மூன்றும் இருக்க வேண்டும். புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும். மீட்பு ஹெலிகாப்டர் அதற்குள் வராது, கூட இருப்பவர்தான் தோண்ட வேண்டும். ஆகவே பனிச்சரிவுப் பாதுகாப்புக்கான ஆரம்பப் பயிற்சியான ஏஎஸ்டி 1-க்கு முதலில் பணம் கட்டுங்கள், ஸ்கீயை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

பிழைக்க வந்த இடத்தில் பனிச்சரிவுக்குப் பலியானவர்கள் முன்பும் உண்டு. கனடாவின் ரோஜர்ஸ் பாஸ் என்ற மலைக் கணவாயில் 1910 மார்ச் 4 அன்று, ஒரு பனிச்சரிவால் ரயில் பாதையில் விழுந்த பனியை அள்ளிக்கொண்டிருந்தவர்கள் மேல் எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொரு பனிச்சரிவு வந்தது. 58 பேர் இறந்தார்கள். அவர்களில் 32 பேர் பிழைப்புக்காக ஜப்பானிலிருந்து வந்தவர்கள்.

ஆம்பூர்த் தங்கை ஒருவர், "ஸ்கீ இல்லை, ஸ்னோஷூதான் போகிறோம். எங்களுக்குமா?" என்று கேட்டிருந்தார். ஆமாம்மா, பனியில் புதையாமல் நடக்கக் காலில் மாட்டும் அந்த ஸ்னோஷூவோடு போனாலும், எல்லாமே உங்களுக்கும் சேர்த்துத்தான். இன்னொன்று: எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைக் கால்கரியிலேயே இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்காலத்தில் ஊருக்கும் அங்கேயும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். நீங்கள் திரும்பாத நேரத்தில் ஆம்பூரில் அம்மா தூங்கிக்கொண்டிருப்பார், விழித்திருந்தாலும் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியாது.