மேக்னட் பள்ளி, கட்-ஆஃப்: தமிழில் என்ன போடலாம்?

ம.:
அனைவருக்கும் வணக்கம். நியூயார்க் நகரில் தேர்வு வைத்து மாணவரை எடுக்கும் சிறப்பு உயர்நிலைப் பள்ளிகளின் சேர்க்கை பற்றிப் பெற்றோருக்கான நான்கு பக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொல் இடிக்கிறது: 'மேக்னட் ஸ்கூல்' (தனிப் பாடத்திட்டத்தால் பல பகுதி மாணவரையும் இழுக்கும் அரசுப் பள்ளி), 'கட்-ஆஃப்'. 'காந்தப் பள்ளி' என்று போட்டிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர், "இயற்பியல் மட்டும்தான் நடத்துவார்களா?" என்று ஓரத்தில் எழுதிவிட்டார்.

தி.:
காந்தம் வேண்டாம். அது 'அயஸ்காந்தம்' என்ற வடசொல்லின் வால். இரும்புக்குக் காதலன் என்று பொருள். 'காந்து' என்ற தமிழ் வினையில் பிறந்தது என்பாரும் உண்டு. ஆனால் காந்துவது எரிவது, இழுப்பதன்று. 'ஈர்ப்புப் பள்ளி' என்க. இழுத்தல் ஈர்த்தல், அறுத்தல் ஈர்தல். ஈர்வாளை எண்ணிப் பாருங்கள். ஆகவே கட்-ஆஃபுக்கு 'ஈர்வெண்'. இரண்டுக்கும் ஒரே ஈர் போதும்.

செ.:
ஐயா, 'ஈர்வெண்' என்றால் இரட்டைப்படை எண் என்றுதான் படிப்பார்கள். அது போகட்டும், முதலில் பொருளைப் பார்ப்போம். சிகாகோவில் மேக்னட் பள்ளி வேறு, தேர்வு வைத்து எடுக்கும் பள்ளி வேறு. மேக்னட் பள்ளிக்குப் பெரும்பாலும் குலுக்கல்தான். நியூயார்க்கில் தேர்வு வழியாகச் சேர்க்கும் எட்டுப் பள்ளிகளுக்கும் மேக்னட் என்பது அதிகாரப்பூர்வப் பெயரில்லை. 'நுழைவுத் தேர்வுப் பள்ளி' என்று பொதுப்பெயர் வைத்தாலும் வர்ஜீனியாவில் உதைக்கும்: தாமஸ் ஜெஃபர்சன் பள்ளி 2020இல் தேர்வையே எடுத்துவிட்டது. இப்போது ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 விழுக்காடு இடம் ஒதுக்குகிறார்கள்.

தி.:
குலுக்கல் என்றால் 'குடவோலைப் பள்ளி' எனலாமே! உத்திரமேரூர்க் கல்வெட்டில் வயது, நிலம், சொந்த மனை என்று தகுதி பார்த்த பிறகுதான் ஓலையைக் குடத்தில் இடுகிறார்கள். சிகாகோக்காரர்கள் ஆயிரம் ஆண்டு பிந்தி வந்திருக்கிறார்கள்.

ம.:
ஐயா, வெள்ளிக்கிழமை.

க. (டொராண்டோ):
கட்-ஆஃபுக்கு ஏன் புதுச்சொல்? எங்கட இலங்கைப் பக்கம் 'வெட்டுப்புள்ளி' எண்டு எல்லாருக்கும் தெரியும். பல்கலைக்கழக அனுமதியில மாவட்டத்துக்கும் துறைக்கும் தனித்தனி வெட்டுப்புள்ளி வரும்.

செ.:
தமிழ்நாட்டுப் பெற்றோருக்குப் புள்ளி என்றால் கோலப்புள்ளி. மார்க் என்றால் மதிப்பெண். ஆனாலும் இலங்கைச் சொல்லில் ஒரு நன்மை இருக்கிறது: இடங்களை நிரப்பிய பிறகு வருவதுதான் வெட்டுப்புள்ளி. நியூயார்க்கிலும் அப்படியே. 2024 நுழைவுத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆங்கிலத்தில் 57 வினா, கணிதத்தில் 57 வினா, மூன்று மணி நேரம். தவறான விடைக்குக் கழிவில்லை, எனவே எதையும் காலியாக விடக்கூடாது. தேர்வு முடிந்ததும் எல்லாரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்துகிறார்கள். முதல் மாணவர் விண்ணப்பத்தில் முதலாவதாகக் குறித்த பள்ளியைப் பெறுகிறார். அடுத்தவருக்கு முதல் விருப்பம் நிரம்பியிருந்தால் இரண்டாவது. அந்த எட்டில் ஒன்றான ஸ்டைவசன்டில் கடைசி இடம் பிடித்தவரின் மதிப்பெண்தான் அந்த ஆண்டின் ஸ்டைவசன்ட் கட்-ஆஃப். யாரும் முன்கூட்டி வைத்த கோடு இல்லை. கட்-ஆஃபுக்குக் கையேட்டு வரைவில் இருக்கும் 'தகுதி மதிப்பெண்' இதனால்தான் ஆபத்து. "போன வருடத் தகுதி இவ்வளவு, என் பிள்ளைக்குக் கிடைக்காது" என்று கணக்குப் போட்டு, எளிதில் கிடைக்கும் பள்ளியை முதலில் குறித்துவிடுவார்கள். அதற்கு மதிப்பெண் போதுமானால் அதோடு சரி. அதைவிட விரும்பிய பள்ளிக்குப் பெயரே போகாது. உண்மையான விருப்ப வரிசையில் குறிப்பதால் எந்த இழப்பும் இல்லை. பிள்ளையை அனுப்ப மனமில்லாத பள்ளியை மட்டும் குறிக்க வேண்டாம்.

ம.:
அப்படியானால் 'கடையிட மதிப்பெண்'? கடைசி இடத்தின் மதிப்பெண்.

க.:
கடை எண்டால் ஷொப் எண்டும் வாசிக்கலாம். எனக்கு வெட்டுப்புள்ளிதான்.

செ.:
இன்னொன்று. அந்தத் தாளில் பகுதிக்குப் பத்து வினா மதிப்பெண்ணில் சேராது. வருங்காலத் தேர்வுக்காகச் சோதித்துப் பார்க்கிறார்கள். எது அந்தப் பத்து என்று மாணவருக்குத் தெரியாது. வரைவில் 'மாதிரி வினா' என்று இருக்கிறது. மாதிரி வினாவென்றால் பயிற்சித்தாள் என்றுதானே நினைப்பார்கள்?

தி.:
வெள்ளோட்ட வினா.

க.:
நல்ல சொல். வெள்ளோட்டத்தை எதிர்க்க ஆளில்லை.

ம.:
சரி, இப்படி அனுப்புகிறேன். மேக்னட் என்ற சொல்லையே கையேட்டிலிருந்து எடுத்துவிட்டேன். 'சிறப்பு உயர்நிலைப் பள்ளி' போதும். 'வெள்ளோட்ட வினா' நிற்கிறது. கட்-ஆஃபுக்கு மூன்று பேர் 'கடையிட மதிப்பெண்' என்றார்கள், இருவர் 'வெட்டுப்புள்ளி', மற்றவர்கள் பதில் போடவில்லை. முதல் முறை வரும் இடத்தில் 'கடையிட மதிப்பெண் (கட்-ஆஃப்)' என்று போட்டு, கீழே செ. எழுதிய விளக்கத்தைச் சேர்த்திருக்கிறேன்.

தி.:
அடைப்புக்குறிக்குள் ஆங்கிலம் நிற்கும்வரை அது கலைச்சொல் ஆகாது. மறுப்பைப் பதிவு செய்க. ஈர்வெண் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.