வெளிநாட்டுப் பணம் நின்றுவிட்டது. சபைகளிடம் கேட்டால் அவிசுவாசமா?

சூளைக்கணக்கன்:

ஸ்தோத்திரம். நான் ஒரு சின்ன ஊழியத்தில் கணக்கு எழுதுகிறவன். வட தமிழ்நாடு, ஊர் பெயர் வேண்டாம். செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டுகிற இடம் என்று முன்பணம் வாங்கிக் கொத்தடிமையாக மாட்டிக்கொண்ட குடும்பங்களை வருவாய்த்துறை மூலமாக மீட்பது, விடுதலைச் சான்றிதழ் வாங்கித் தருவது, அப்புறம் வழக்கு முடிகிறவரை கூட நிற்பது, இதுதான் எங்கள் வேலை. பெரும்பாலும் இருளர் பழங்குடிக் குடும்பங்கள். ஒன்பது பேர் சம்பளத்தில் இருக்கிறோம்.

செலவில் முக்கால்வாசி வெளிநாட்டுச் சபைகள் இரண்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவின் புதுப்பிப்பு மறுக்கப்பட்டுவிட்டது. டெல்லி ஸ்டேட் பாங்க் கணக்கில் 11 லட்சம் இருக்கிறது, பார்க்கலாம், தொட முடியாது. சம்பளம் போட்டு இரண்டு மாதம் ஆகிறது.

எங்கள் தலைவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். "மனுஷரிடம் கை நீட்ட வேண்டாம், முழங்காலில் நிற்போம்" என்கிறார். காலை 5 மணிக்கு ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாசம். ஜார்ஜ் முல்லர் பிரிஸ்டலில் யாரிடமும் கேட்காமல் அநாதைப் பிள்ளைகளை வளர்த்தார், டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மா கேட்காமல் நடத்தினார் என்று தினமும் சொல்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சில்லறைப் பெட்டியில் வவுச்சர் தேடும்போது அவர் மனைவியின் செயினுக்கான அடகு ரசீது கையில் வந்தது. யாரிடமும் அவர் சொல்லவில்லை. நானும் பார்க்காத மாதிரி மூடி வைத்துவிட்டேன்.

ஆனால் போன வாய்தாவுக்குக் கோர்ட் வாசலில் ஒரு அக்கா மஞ்சப்பையில் லேமினேட் செய்த சான்றிதழை வைத்துக்கொண்டு, "அடுத்த வாய்தாவுக்கும் வண்டி வருமா சார்?" என்று கேட்டார். எதிரே டீக்கடையில் ஓனர் தரப்பு ஆள் அவர் வீட்டுக்காரருக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். வரும்க்கா என்று சொல்லிவிட்டேன். போன தடவை வேன் வாடகையே இன்னும் பாக்கி.

உள்ளூர்ச் சபைகளிடம் வாய்விட்டுக் கேட்கலாம் என்கிறேன் நான். அது விசுவாசக் குறைவு என்கிறார் அண்ணன். யார் சொல்வது சரி?

பாளையங்கோட்டைத் தாத்தா:

தம்பி, எனக்கு 74 வயது, நானும் விசுவாச ஊழியத்தில் அரிசி தீர்ந்த ராத்திரிகளைப் பார்த்தவன், அதனால் உங்கள் அண்ணனைக் கேலி செய்ய மாட்டேன். விடிந்தால் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் படுத்து, காலையில் யாரோ ஒரு மூட்டையை வாசலில் இறக்கிவிட்டுப் போனது எனக்கே நடந்திருக்கிறது.

ஆனால் அவர் சொல்கிற கதைகளில் பாதியைத்தான் சொல்கிறார். முல்லர் யாரிடமும் கேட்கவில்லை, சரி. வருஷா வருஷம் அறிக்கை அச்சடித்தார், எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, எப்போது கையில் ஒன்றுமில்லாமல் இருந்தது எல்லாம் அதில் இருந்தது. டோனாவூர் அம்மா 1901இல் அங்கே பிள்ளைகளை ஏற்க ஆரம்பித்து 1951இல் சாகிறவரை பணம் கேட்டு வேண்டுகோள் விடவில்லை, அதுவும் சரி. ஆனால் கோயில்களுக்குக் கொடுக்கப்பட்ட சிறுமிகளின் கதையைப் புத்தகம் புத்தகமாக எழுதினார், கடல் தாண்டி ஜனங்கள் வாசித்தார்கள். கேட்கவில்லையே தவிர, சொல்லாமல் இருக்கவில்லை. உங்கள் ஊழியம் என்ன செய்கிறது என்று பக்கத்துச் சபைக்காவது தெரியுமா?

அப்புறம் வேதத்தில் வருகிற எலியா தீர்க்கதரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். காகம் அப்பம் கொண்டுவந்தது வரைக்கும்தான் பிரசங்கத்தில் வரும். கேரீத் ஆறு வற்றிப்போனது. ஆண்டவர் அவரை சாறிபாத்துக்கு அனுப்பினார், அங்கே அவர் ஒரு ஏழை விதவையிடம் வாயைத் திறந்து தண்ணீரும் அப்பமும் கேட்டார். ஆறு வற்றின பிறகும் கரையிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லவில்லை.

ஆடிட்டர் ஒருத்தர்:

ஆவிக்குரிய விஷயத்தைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நான் என் பக்கத்தைச் சொல்கிறேன். அந்த 11 லட்சத்தை அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூடத் தொடாதீர்கள், வாடகை பாக்கி என்றாலும் சரி. மறுப்பு ஆணைக்கு ஓராண்டுக்குள் மறுஆய்வு மனு போட வழி இருக்கிறது, போடுங்கள். மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டிக்கு 2021 கிறிஸ்துமஸ் அன்று புதுப்பிப்பு மறுத்தார்கள், 2022 ஜனவரியில் திரும்பக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் அப்படி நடக்காது, அதை நம்பிச் சம்பளம் பேசாதீர்கள்.

வேறு ஒரு பெரிய அமைப்பு வாங்கி உங்களுக்குப் பிரித்துத் தரட்டும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2020 எஃப்சிஆர்ஏ திருத்தத்தோடு அந்த வழி அடைபட்டது, 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தைச் சரி என்று சொல்லிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் இந்திய பாஸ்போர்ட்காரர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஆள் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் ஆகும், இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை இருந்தாலும்தான். பாஸ்போர்ட் நகல் வாங்கி ஃபைலில் வையுங்கள். சபையின் பணத்தைத் தன் பணம் மாதிரி ஒருவர் அனுப்புகிறேன் என்று வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை தருகிற 80ஜி பதிவு இருந்தால் ரசீதில் எண்ணைப் போடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வந்தால் கொடுத்தவருக்குச் சலுகை கிடைக்காது. கம்பெனிகள் சமூகப் பொறுப்பு என்று தருகிற சிஎஸ்ஆர் பணத்தைப் பெரிதாக நம்பாதீர்கள். கம்பெனிக்காரர்களுக்குத் தையல் மெஷின் கொடுப்பது பிடிக்கும், முதலாளிமேல் வழக்கு நடத்துவது பிடிக்காது.

களத்தில் இருந்தவள்:

தம்பி, நான் இதே வேலையில் எட்டு வருடம் இருந்தேன், அதனால் கொஞ்சம் காட்டமாகவே எழுதுகிறேன்.

கூலி கொடுக்காமல் வேலை வாங்கியதற்காக நீங்கள் சூளைக்காரன்மேல் வழக்குப் போட வைக்கிறீர்கள். உங்கள் களப்பணியாளருக்கு இரண்டு மாதச் சம்பளம் இல்லை. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினது சூளை ஓனருக்கு மட்டுமா? அண்ணன் தன் வீட்டுச் செயினை அடகு வைப்பது அவருடைய விசுவாசம், அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் டிரைவரின் பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட முடியாமல் போவது அண்ணனுடைய விசுவாசக் கணக்கில் வரக் கூடாது. அந்த டிரைவரை யாராவது கேட்டீர்களா?

அடுத்தது வேன். சாட்சிக்கு ஏன் நீங்கள் வாடகை கொடுக்கிறீர்கள்? வழக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் பதிவாகியிருந்தால் 1995 விதிகளில் 11ஆம் விதியைப் பாருங்கள், பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் போக்குவரத்துச் செலவு, படி எல்லாம் அரசு தர வேண்டும். நாங்கள் மூன்று வருடம் கைக்காசைப் போட்டு வேன் எடுத்துவிட்டு, அப்புறம்தான் ஒரு வக்கீல் சொல்லி ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். இழுத்தடித்தார்கள், ஆனாலும் வந்தது. வக்கீல் பீஸ் தட்டினால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பழங்குடியினர், பெண்கள், ஆள்கடத்தலுக்கு ஆளானவர்கள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு. வழக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். மீட்கப்பட்டவருக்கு அரசிடமிருந்து கையில் வருகிற உடனடி உதவி 30,000 ரூபாய்தான். அதற்குமேல் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கு 2 லட்சம் என்று திட்டத்தில் இருக்கிறதே, அதைக் கையில் வாங்குவது வழக்கோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. அந்த டீ, பன் எல்லாம் வழக்கைக் கெடுக்கத்தான்.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். உள்ளூர்ச் சபையிடம் கேட்காததற்குக் காரணம் விசுவாசம் மட்டும்தானா? எங்கள் ஊரில் கமிட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்தவருக்கே அரிசி ஆலை இருந்தது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 3,000 ரூபாய்க்கு எடுப்பார், எல்லாரும் கைதட்டுவோம். அந்தச் சபையில் போய் கொத்தடிமை என்ற வார்த்தையைச் சொல்ல எங்களுக்குப் பயம். வெளிநாட்டுக்காரனிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

எளிய விசுவாசி:

எல்லாரும் கேள், கேள் என்கிறீர்கள். கேட்டு வாங்கினால் கொடுத்தவன் சொல்படி ஆட வேண்டும் என்பதையும் யோசியுங்கள். மீட்கப்பட்டவர்களை வரிசையாக நிறுத்தி போட்டோ கேட்பான், பேனரில் தன் பெயர் கேட்பான். சகோதரர் அண்ணன் பயப்படுவது இதற்காகவும் இருக்கலாம். இன்னும் ஒரு மாதம் ஜெபத்தில் காத்திருப்பதில் என்ன நஷ்டம்?

சூளைக்கணக்கன்:

நஷ்டம் என்ன என்றால், ஒரு வாய்தா, பிரதர். மற்றபடி நீங்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, போட்டோ விஷயத்தில் எங்களுக்குப் பழைய காயம் உண்டு.

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். களத்தில் இருந்த அக்கா இங்கே எழுதினதை, டிரைவர் பற்றிச் சொன்ன வரியோடு சேர்த்து, அண்ணனிடம் அப்படியே படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் டிரைவரைக் கூப்பிட்டு வாசல் திண்ணையில் உட்கார வைத்து, உன்னைக் கேட்காமல் உன் சம்பளத்தில் நான் விசுவாசம் காட்டிவிட்டேன் என்று சொன்னார். அவன் அழுதுவிட்டான். எனக்கு என்ன செய்வது என்று தெரியாமல் உள்ளே போய் டீ போட்டேன்.

தாத்தா சொன்னபடி முதலில் ஒரு பக்க அறிக்கை, யாரிடமும் பணம் கேட்கவில்லை, நடந்ததும் கணக்கும் மட்டும். ஐந்து சபைக்குக் கொடுத்தோம். இரண்டில் பதில் இல்லை. ஒன்றில் போதகர் ஐயா அறிவிப்பு நேரத்தில் ஐந்து நிமிடம் கொடுத்தார், அண்ணன் கொத்தடிமை என்ற அந்த வார்த்தையைச் சொன்னார், யாரும் எழுந்து போகவில்லை. காணிக்கை 14,270 ரூபாய். பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாக்கள், அந்தக் காலத்து மாதிரி உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி தனியாக எடுத்து வைக்கிறோம், மிசோரம் சபையில் 1910இலிருந்து இன்னும் செய்கிறார்களாமே, எங்களுக்கு என்ன கேடு என்றார்கள். இதுவரை 62 கிலோ வந்தது. புழுங்கல், பச்சை, ரேஷன் எல்லாம் கலந்து கிடக்கிறது, பிரிக்கிற வேலையும் என் தலையில்தான்.

ஒன்பது பேருக்கும் ஒரு மாதத்தில் பாதிச் சம்பளம் போட்டோம். மீதி பாக்கி, எழுதி வைத்திருக்கிறேன். 11ஆம் விதி மனு கொடுத்து ரசீது வாங்கியாயிற்று, பணம் இன்னும் வரவில்லை. வாய்தா 19ஆம் தேதி. வேன்காரரிடம் பேசி வைத்திருக்கிறேன், காலை ஆறரைக்கு மஞ்சப்பை அக்கா வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

ஆடிட்டர் சார், உண்டியலில் ஒரு கவரில் 10,000 ரூபாய் ரொக்கம், பெயர் இல்லை. ரசீது யார் பேருக்குப் போடுவது?