கரண்ட் கம்பியில் உட்காரும் குருவியும் கூரையில் கூடு கட்டும் குருவியும் ஒன்றுதானா?

எர்ணாவூர்_செல்வி:
எங்கள் தெரு பக்கிங்காம் கால்வாயை ஒட்டி இருக்கிறது. புரட்டாசி பிறந்ததிலிருந்து சாயங்காலம் ஆனால் கரண்ட் கம்பியில் சின்னக் குருவிகள் இடம் விடாமல் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. முதுகு கறுப்பு, வெயில் பட்டால் நீலமாக மின்னுகிறது, வயிறு வெள்ளை. அம்மா மழைக்குருவி என்கிறார். எங்கள் குடியிருப்பில் வண்டி நிறுத்தும் இடத்துக் கூரையிலும் கறுப்புக் குருவிகள் வைக்கோலும் இறகுமாக ஒட்டி ஒட்டிக் கூடு கட்டியிருக்கின்றன. எச்சம் வண்டி மேல் விழுகிறது, தட்டிவிடலாம் என்று சங்கத்தில் பேசுகிறார்கள். கம்பியில் இருப்பதுதான் இங்கே வந்து கூடு கட்டுகிறதா? ஞாயிற்றுக்கிழமை கூட்டம், அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

கழிமுகத்தான்:
இல்லைங்க, இரண்டும் வேறு. கம்பியில் இருப்பது தகைவிலான், கூரையில் இருப்பது நாட்டு உழவாரன். இரண்டும் பறந்துகொண்டே பூச்சி பிடிப்பதால் உடம்பு ஒரே வாக்கில் அமைந்திருக்கிறதே தவிர நெருங்கிய சொந்தம்கூடக் கிடையாது. உழவாரன் கம்பியில் உட்காரவே உட்காராது. கால் ரொம்பக் குட்டை, நாலு விரலும் முன்பக்கம் பார்த்து இருக்கும், அதை வைத்துச் சுவரைப் பற்றித் தொங்கத்தான் முடியும். பறக்கும்போது பார்த்தால் இறக்கை அரிவாள் மாதிரி விறைப்பாக வளைந்திருக்கும், வாலுக்கு மேலே வெள்ளைப் பட்டை, தொண்டையும் வெள்ளை, கீச்சென்று கத்திக்கொண்டு உயரத்தில் சுற்றும். தகைவிலான் பெரும்பாலும் தாழப் பறக்கும், கால்வாய் மேலேயும் காலி மனையிலும் தரையை உரசுகிற மாதிரி போய்ச் சட்டென்று திரும்பும். தண்ணீர் குடிப்பதும் பறந்த வாக்கில்தான்.

ஒரு பைனாகுலர் கிடைத்தால் முகத்தைப் பாருங்கள், நெற்றியும் தொண்டையும் செங்கல் நிறம், அதற்குக் கீழே கருநீலப் பட்டை, வால் இரண்டாகப் பிளந்திருக்கும். வாலின் இரு ஓரமும் கம்பியாக நீண்டிருக்கும் என்று படித்துவிட்டுத் தேடினால் இப்போது ஏமாந்துவிடுவீர்கள். வந்திருப்பதில் நிறைய இந்த வருஷத்துக் குஞ்சுகள், அதுகளுக்குத் தொண்டையும் வெளிறித்தான் இருக்கும், பெரியதுகளும் இங்கே வந்துதான் பழைய இறகை உதிர்க்கின்றன. மாசி, பங்குனியில் பாருங்கள், அப்போதுதான் முழு அழகு. சுமார் 20 கிராம் எடை, அதை வைத்துக்கொண்டு இமயமலைப் பக்கத்திலிருந்தும் அதற்கும் வடக்கேயிருந்தும் எண்ணூர் வரைக்கும் வருகிறது! முட்டையிடுவது, குஞ்சு பொரிப்பது எல்லாம் அங்கேதான், சேற்றை உருண்டை உருண்டையாக அலகில் கொண்டுவந்து கிண்ணமாகக் கூடு கட்டும். ஆவணி, புரட்டாசியில் வந்து சித்திரை வாக்கில் கிளம்பிவிடும்.

அம்மா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வந்து சேர்வதால் மழையோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு மழை விட்டு ஈசல் கிளம்பட்டும், இதுகளின் வேட்டையைப் பார்க்க வேண்டுமே.

மாதவரம்_ஏரிக்கரை:
கம்பியில் இருப்பதை எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள் அக்கா. வாலுக்கு மேலே செம்பழுப்பாக, நெஞ்சில் மெல்லிய கோடு கோடாக இருந்தால் அது செம்பிட்டத் தகைவிலான், கழுத்து நீண்ட குடுவை மாதிரி மண் கூடு கட்டும். இருட்டினால் தகைவிலான்கள் ஏரி ஓரத்துச் சம்புக் கோரைக்குள் கும்பலாக இறங்கித் தூங்கும், சில இடங்களில் கம்பியிலேயே ராத்திரி முழுக்க இருந்துவிடும்.

பழைய_வண்ணாரப்பேட்டை:
தங்கச்சி, தட்டிவிட மட்டும் சம்மதிக்காதீங்க. உழவாரன் நம் ஊரிலேயே வருஷம் முழுக்க இருக்கிற பறவை, காற்றில் மிதக்கும் இறகையும் துரும்பையும் பிடித்துவந்து எச்சிலால் ஒட்டித்தான் கட்டுகிறது, எத்தனை நாள் உழைப்பு! முட்டை இல்லாத காலத்திலும் ராத்திரி தூங்க அந்தக் கூட்டுக்குத்தான் வரும். எச்சம்தான் பிரச்சினை என்றால் கூட்டுக்குக் கீழே ஒரு பலகை அடித்தால் போதும், எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். அப்புறம், ஒன்று தரையில் விழுந்து கிடந்தால் மேலே தூக்கி எறிந்துவிடக் கூடாது, உள்ளங்கையில் வைத்து உயரமாகப் பிடியுங்கள், தெம்பு இருந்தால் தானாகப் போகும்.

எர்ணாவூர்_செல்வி:
ரொம்ப நன்றி, பலகை என்றால் ஒத்துக்கொள்வார்கள். கூட்டை ஒட்டியே அடித்துவிடலாமா அண்ணா?

பழைய_வண்ணாரப்பேட்டை:
வேண்டாம்மா. அது கூட்டிலிருந்து கீழே விழுந்த பிறகுதான் இறக்கையை விரிக்கும், பலகை பக்கத்தில் இருந்தால் மோதிவிடும். கூரையை விட்டு நன்றாகத் தள்ளி, வண்டிக்குச் சற்று மேலே இருக்கிற மாதிரி அடியுங்கள்.