பேரன் எங்களை எப்படி அழைக்க வேண்டும்? ஒரே வீட்டில் மூன்று ஊர் முறைப்பெயர்கள்

உவர்மலைவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு மாதமாக நடந்துவரும் சிறிய இழுபறி ஒன்றைப் பற்றி, இதே நிலையைக் கடந்தவர்கள் இங்கே இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவள், தாய்வழியில் தம்பலகாமம். என் கணவர் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். அரச வேலைக்காக இங்கு வந்து என்னை மணந்து, என் பெற்றோர் எனக்குச் சீதனமாக எழுதிய இந்த வீட்டிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறார். மகன் மணந்திருப்பது மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பெண்ணை. கொழும்பில் வேலை செய்தபோது இருவரும் விரும்பி, இரு வீட்டாரின் சம்மதத்துடன் மணந்துகொண்டார்கள். மகனுக்கு இங்கே வேலை மாற்றம் கிடைத்ததிலிருந்து எங்களுடனேயே இருக்கிறார்கள். பேரனுக்குப் பதினொரு மாதம் ஆகிறது, சொற்கள் வரத் தொடங்கிவிட்டன.

குழந்தை தன்னை "அப்பப்பா" என்றும் என்னை "அப்பம்மா" என்றும் அழைக்க வேண்டும் என்பது கணவரின் விருப்பம். மருமகளோ குழந்தையைத் தூக்கித் தரும்போது "தாத்தாகிட்ட போ", "பாட்டிகிட்ட போ" என்கிறாள். அவளுடைய பெற்றோரை அம்மப்பா, அம்மம்மா என்று பழக்குங்கள் என்று கணவர் சொன்னபோது அவள் மறுத்துப் பேசவில்லை. ஆனால் தன் தாயுடன் கதைக்கும்போது "அம்மாயி பேசுறாங்க" என்று தொலைபேசியைக் குழந்தையின் காதில் வைக்கிறாள்.

"தாத்தா" என்ற சொல்லுக்கு எங்கள் ஒழுங்கையில் வேறொரு சிக்கலும் உண்டு. அடுத்த வீட்டில் ஒரு சிங்களக் குடும்பம். அந்தப் பிள்ளைகளுக்குத் தாத்தா என்றால் தகப்பன். பின்வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கு அக்குறணையிலிருந்து மருமகளாக வந்தவருடைய சின்ன மகன் தன் மூத்த சகோதரியைத் தாத்தா என்று கூப்பிடுகிறான். ஒரு மாலை மருமகள் படலையடியில் நின்று "தாத்தா எங்க?" என்று குழந்தையிடம் கேட்க, வேலை முடிந்து வந்துகொண்டிருந்த அடுத்த வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அன்றிலிருந்து, நான் அவருடைய பிள்ளைகளுக்குத் தகப்பனுமல்ல, பின்வீட்டுப் பையனுக்கு அக்காவுமல்ல என்று கணவர் பிடிவாதமாக நிற்கிறார்.

இன்னொன்று. கணவர் மருமகளிடம் "நீர் சாப்பிட்டீரா?" என்று கேட்பது வழக்கம். அவர் தன்மீது கோபமாக இருக்கிறார் என்று ஆறு மாதங்களாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாளாம். அவள் என்னை "அத்தை" என்று அழைப்பது, பழைய படங்களில் மட்டுமே அச்சொல்லைக் கேட்டிருந்த எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

கேள்விக்கு நேரடித் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வழக்கப்படி இந்த வீடு, வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகளுக்கு உரியது. பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, "அப்ப நாங்க எங்க போறது, அத்தை?" என்று மருமகள் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டார் முதன்முறையாக இங்கு வருகிறார்கள். அதற்கு முன் பெயர் விடயத்தையாவது தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

பருத்தித்துறையான்:

உங்கள் கணவரின் பக்கம் நின்றே தொடங்குகிறேன். அப்பப்பா, அம்மம்மா என்ற சொற்கள் எவர் வழியில் எவர் என்பதைச் சொல்லும்போதே விளக்கிவிடுகின்றன. தாத்தா, பாட்டி என்பவற்றில் அந்தத் தெளிவு இல்லை. ஆனால் இதைத்தான் நாங்கள் ஆதியிலிருந்து சொல்லிவருகிறோம் என்று அவர் வாதாடுவாரானால் ஒப்புக்கொள்ளாதீர்கள். என் தந்தை தன் தகப்பனை "அப்பு" என்றும் தாயை "ஆச்சி" என்றும் அழைத்தார். நான் என் தந்தையை "ஐயா" என்றேன். என் பிள்ளைகள் என்னை "அப்பா" என்கிறார்கள். என் தந்தை தன் தாயை ஆச்சி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பேரப்பிள்ளைகளாகிய நாங்களும் அவரை ஆச்சி என்றே கூப்பிட்டோம். தாயைக் குறித்த சொல் எங்கள் வீட்டில் பேத்தியாரை, அதாவது பாட்டியை, குறிக்கும் சொல்லானது அப்படித்தான். எவரும் கூடித் தீர்மானிக்கவில்லை. தாயின் தங்கைமாருக்குக் குஞ்சம்மா, ஆசையம்மா, சீனியம்மா என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருந்த நாங்கள் இன்று எல்லோரையும் "அன்ரி" என்ற ஒன்றுக்குள் அடைத்துவிட்டோம். இவ்வளவையும் கைவிட்டவர்கள் தாத்தாவை எதிர்த்துப் போராடுவது சற்று வேடிக்கையாக இருக்கிறது.

அண்டை மொழியோடு முட்டும் சொல் தாத்தா மட்டுமல்ல. நான் குருநாகலில் வேலை செய்தபோது, தங்கியிருந்த வீட்டுப் பையன் என்னை "அய்யா" என்று அழைப்பான். தகப்பன் நிலையில் வைத்து மதிக்கிறான் என்று மகிழ்ந்திருந்தேன். சிங்களத்தில் அது அண்ணன் என்று சில மாதங்களின் பின்னரே தெரியவந்தது.

"நீர்" பற்றி உங்கள் மருமகளிடம் உங்கள் கணவரே விளக்கிச் சொல்வது நல்லது. அது "நீ"க்கு மேலும் "நீங்கள்" என்பதற்குக் கீழும் நிற்கும் சொல். கணவன் மனைவியிடமும், உடன் வேலை செய்பவர்களிடமும், வளர்ந்த பிள்ளைகளிடமும் எங்கள் பகுதியில் இயல்பாகப் புழங்குவது. மருமகளை "நீ" என்று ஒருமையில் அழைக்க மனமில்லாமல்தான் அவர் அப்படிக் கேட்டிருக்கிறார்.

மலைநாட்டு மகள்:

நானும் ஹட்டனிலிருந்து வேறு மாவட்டத்துக்கு மருமகளாகப் போனவள் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். தாத்தா, பாட்டி என்பவை எங்களுக்குப் பள்ளிப் புத்தகத்திலும் திரைப்படத்திலும் இருந்து வந்த பொதுச் சொற்கள். வீட்டுக்குள் தகப்பனின் தாயை அப்பாயி என்றும், தாயின் தாயை அம்மாயி என்றும் பிரித்தழைக்கும் குடும்பங்கள் பல உண்டு; எனவே எங்களிடம் தெளிவில்லை என்று மேலே ஒருவர் எழுதியது முழுவதும் சரியல்ல. திருச்சி, சேலம், மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் என்று தமிழ்நாட்டின் பல இடங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) அடுத்தடுத்த இரண்டு காம்பராக்களில், அதாவது அறைகளில்கூட முறைப்பெயர் மாறும்.

இதை வைத்துப் பார்த்தால், உங்கள் மருமகள் உங்கள் இருவருக்கும் எல்லோருக்கும் புரியும் பொதுச் சொல்லைத் தந்துவிட்டு, தன் தாய்க்கு மட்டும் வீட்டுச் சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறாள். உங்களை அப்பப்பா, அப்பம்மா என்று மாற்றச் சொன்னால் அவள் மாற்றிவிடுவாள். ஆனால் அம்மாயியை அம்மம்மா ஆக்காதீர்கள். அந்தத் தாய் இத்தனை ஆண்டுகள் காத்திருந்த பெயர் அது. அத்தை என்பதும் குளிர்ந்த சொல்லல்ல. தகப்பனின் சகோதரிக்கும் கணவனின் தாய்க்கும், நீங்கள் மாமி என்று சொல்லும் இரு இடங்களிலும் நாங்கள் சொல்வது அதையே.

கேள்விக்குத் தொடர்பில்லை என்று நீங்கள் கடைசியில் ஒதுக்கிய விடயம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. எங்களிடம் பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள். பாத்திரம் பண்டம், முடிந்த அளவு நகை என்று சீர் கொடுப்பார்கள். வீடு கொடுப்பது என்ற பேச்சே எழாது. கொடுக்க எங்களிடம் வீடு இருந்ததில்லை. லயக் காம்பரா தோட்டத்துக்கு உரியது. தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்பவர் இருக்கும்வரை குடும்பம் அதில் இருக்கலாம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் எங்கள் மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். எஞ்சியிருந்தோருக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற திட்டம் அண்மைக் காலத்தது. அப்படி வீடு கிடைத்தவர்களிலும் கையில் காணி உறுதிப் பத்திரம் இல்லாதவர்கள் பலர். ஆகவே கணவன் வீடுதான் இனி என் வீடு என்று நம்பி அவள் வந்திருப்பாள். நீங்களோ, மகனுக்கு அவனுடைய மாமியார் வீட்டில் இடம் இருக்கும் என்ற வழக்கத்தில் வளர்ந்தவர். "எங்க போறது" என்ற கேள்வியை உங்கள் வீட்டின் மேல் வைத்த கண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மட்டுநகரான்:

எங்களூரில் பலர் பேத்தியாரைப் "பெத்தா" என்பார்கள். ஆளைப் பார்த்தாலே அன்பு வரும் சொல். பெண்பிள்ளைக்கு மணம் முடித்தால் வீட்டை மகளுக்கும் மருமகனுக்கும் விட்டுவிட்டு, பெற்றோர் அதே வளவிலோ பக்கத்திலோ சிறிய வீடொன்றுக்கு மாறிவிடுவது எங்கள் பக்கத்து நடைமுறை. குடி என்னும் குலப் பிரிவும் தாய்வழியில்தான் வரும். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைச் சட்டம் வந்தபின் எங்கள் பகுதியின் பழைய வழக்காற்றுச் சட்டமான முக்குவர் வழமைக்கு நீதிமன்றத்தில் இடமில்லாமற் போனது; ஆனால் வீடு பெண்ணுக்கு என்பது போகவில்லை. கண்டிச் சிங்களவரிடம் இரண்டுக்கும் பெயர் உண்டு: கணவன் மனைவி வீட்டுக்குப் போனால் "பின்ன", மனைவி கணவன் வீட்டுக்குப் போனால் "தீக". எங்களிடம் அப்படிப் பெயர் இல்லாததற்குக் காரணம், மற்றொரு வழியை எவரும் நினைத்துப் பார்க்காததாக இருக்கலாம்.

உறுதி எழுதப் போகிறீர்களானால் ஒன்றைக் கவனியுங்கள். தேசவழமை என்னும் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்துக்கு உட்படாத பெண், அதற்கு உட்பட்ட வடபகுதித் தமிழரை மணந்தால், அந்த மணம் நிலைக்கும் காலம்வரை அவளும் தேசவழமைக்கு உட்பட்டவளாகிறாள் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைச் சட்டம் கூறுகிறது. அதன்படி, காணியும் வீடும் உங்கள் சொந்தச் சீதனமாக இருந்தாலும், அவற்றைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவைப்படும். முப்பது ஆண்டுகள் திருகோணமலையில் வாழ்ந்துவிட்ட அவருக்கு அது இன்னமும் பொருந்துமா என்பதை, உறுதி எழுதும் நொத்தாரிசிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே எதையும் எழுதுங்கள்.

கிண்ணியா வாசகி:

பின்வீட்டுப் பையனுக்காக ஒரு சொல். கிண்ணியாவில் நாங்கள் மூத்த சகோதரியை "ராத்தா" என்போம். கண்டிப் பக்கத்தில் "தாத்தா". அதேபோல எங்கள் வீட்டில் அண்ணன் "காக்கா", கொழும்பில் மணம் முடித்த என் மகளின் புகுந்த வீட்டில் "நானா". விடுமுறைக்கு வந்த பேத்தி, மரத்தில் இருப்பதையும் காக்கா என்கிறார்கள், மாமாவையும் காக்கா என்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே திரிந்தாள். எவரும் எதையும் மாற்றவில்லை. பிள்ளை ஆளுக்கு ஏற்றபடி சொல்லப் பழகிவிட்டது.

வீடு பெண்ணுக்கு என்ற வழக்கம் எங்களிடமும் உண்டு. அதன் சுமையையும் நான் பார்த்திருக்கிறேன். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை பாதை என்னும் மிதவைப் படகில் ஏறித்தான் நகரத்துக்கு வருவோம். அந்தக் காலத்திலேயே என் சகோதரர்கள் இருவர், தங்கைமாரின் வீடுகளைக் கட்டி முடிக்கவென்று கட்டாருக்குப் போனார்கள். தங்கைமார் வீடு முடிந்தபோது தங்களுக்கென்று ஒரு அறையும் அவர்களிடம் இருக்கவில்லை. உங்கள் மகனும் அந்த இடத்தில்தான் நிற்கிறார் என்று நினைக்கிறேன்.

உவர்மலைவாசி:

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். சம்பந்தி வீட்டார் கண்டி வந்து, அங்கிருந்து தம்புள்ளை, ஹபரணை வழியாகப் பகல் முழுவதும் பேருந்தில் இருந்து வந்து சேர்ந்தார்கள். சம்பந்தியம்மா குழந்தையைக் கையில் வாங்கியதும் "அம்மாயி வந்துட்டேன்" என்றார். கணவர் எதுவும் சொல்லவில்லை. அதற்கு முன்தினம் "நீர்" பற்றி மருமகளிடம் அவர் நீண்ட நேரம் விளக்கியிருந்தார். அவள் இப்போது பதிலுக்கு "நீங்க சாப்பிட்டீரா மாமா?" என்று கேட்டு அவரைச் சிரிக்கவைக்கிறாள்.

பேரன் எங்கள் எல்லோரையும் தோற்கடித்துவிட்டான். மகன் தன் தகப்பனை "அப்பா" என்று கூப்பிடுவதைக் கேட்டு, பருத்தித்துறையான் எழுதிய ஆச்சி கதையைப் போலவே, அவனும் என் கணவரை "அப்பா" என்கிறான். நான் மகனைத் "தம்பி" என்று அழைப்பவள் என்பதால், தன் தகப்பனை அவன் கூப்பிடுவது "தம்பி" என்று. மருமகள் திருத்திக்கொண்டே இருக்கிறாள்.

வீடு பற்றிக் கணவருடன் முதன்முறையாக வெளிப்படையாகக் கதைத்தேன். கிணற்றுக்குப் பின்னால் உள்ள துண்டுக் காணியில் இரண்டு அறையும் ஒரு குசினியும் கட்டலாம் என்றும், அந்தத் துண்டை மகனின் பெயருக்குப் பிரித்து எழுதலாம் என்றும் அவர் சொல்கிறார். நொத்தாரிசிடம் போவதற்கு முன் மகளிடம் கேட்க வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். இத்தனை காலமும் அவளுடையது என்று சொல்லிவந்த வளவு அல்லவா? அவளுக்குப் பரீட்சை முடிய இன்னும் பத்து நாட்கள் இருக்கின்றன.