நான் எழுதிய சொல் ஒன்று, வாசகர் தேடிய சொல் வேறு

சொற்களை மாற்றிய பிறகுதான் கட்டுரை வாசகரிடம் போய்ச் சேர்ந்தது என்ற அனுபவம் உங்களுக்கு உண்டா? என்னுடையதைச் சொல்கிறேன்.

தூக்கமின்மை பற்றி எழுதினேன். பத்திக்கு இரண்டு முறை அந்தச் சொல் வரும்படி பார்த்துப் பார்த்து வைத்தேன். கூகுளில் தலைகாட்டவே இல்லை. அடுத்து, ‘எல்எஸ்ஐ கீவேர்டு’ பட்டியல் ஒன்றை (கட்டுரையில் சேர்த்தால் கூகுள் முன்னே காட்டும் என்று விற்கப்படும் தொடர்புச் சொற்கள்) காசு கொடுத்து வாங்கி உறக்கம், நித்திரை, துயில் என்று தூவினேன். படிக்கவே சகிக்கவில்லை, பலனும் இல்லை. பிறகுதான் தெரிந்தது: எல்எஸ்ஐ என்பது கூகுள் தொடங்குவதற்குப் பத்தாண்டு முன்பே, 1980களின் இறுதியில் பெல்கோர் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆவணங்களைத் தேட உருவாக்கிய முறை. எல்எஸ்ஐ கீவேர்டு என்று ஒன்று கிடையாது என்று கூகுளின் ஜான் முல்லர் 2019-இல் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். பட்டியல் விற்றவர் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

எந்தத் தேடலில் நம் பக்கம் வந்தது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்து, வந்த சிலரும் என்ன தட்டி வந்தார்கள் என்று பார்த்தேன். ‘ராத்திரி தூக்கம் வரல’, ‘நடுராத்திரி முழிப்பு வருது’, ‘படுத்தா யோசனை ஓடுது’. தவித்துக்கொண்டு தேடுகிறவரின் பேச்சு அது. நான் எழுதியது அகராதி. அவர்கள் கேட்டதையே துணைத் தலைப்புகளாக்கி, காபி, குறட்டை, செல்போன் வெளிச்சம், பகல் தூக்கம் எல்லாவற்றையும் விளக்கி முழுவதையும் திரும்ப எழுதினேன். சில மாதங்களில் வாசகர்கள் வரத் தொடங்கினார்கள். நித்திரையையும் துயிலையும் எடுத்துவிட்டேன்.

---

எனக்கும் அந்த அனுபவம் உண்டு; ‘படி’ என்ற சொல் பாடம் நடத்தியது. மாடிப்படி அமைப்பதைப் பற்றி ‘படி அளவு’ என்று தலைப்பு வைத்தேன். ‘ஒரு படி எத்தனை லிட்டர்’ என்று தேடியவர்களுக்கெல்லாம் என் பக்கம் காட்டப்பட்டது! மாடி, கைப்பிடி, ஏறும் உயரம், மிதிக்கும் அகலம் என்று சேர்த்தபின் சரியானவர்கள் வந்தார்கள். ஒரே பொருள் தரும் சொற்களைவிடப் பக்கத்தில் நிற்கும் சொற்களே பொருளைக் காட்டிக்கொடுக்கின்றன.

---

என் அனுபவத்தில், வேற்றுமை உருபையும் விட்டுவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு, ஐபோன், மாறுவது என்று மட்டும் தலைப்பு வைத்திருந்தேன். எதிலிருந்து எதற்கு என்று சொல்லவில்லை. வந்தவர்களில் பலர் எதிர்த்திசையில் மாறுகிறவர்கள். உடனே திரும்பிப் போனார்கள். 2019 அக்டோபரில் கூகுள், தேடும் வாக்கியத்தின் பொருளைச் சூழலோடு புரிந்துகொள்ளும் ‘பெர்ட்’ என்ற முறையைத் தேடலில் அறிமுகப்படுத்தியபோது காட்டிய உதாரணமும் இதே மாதிரிதான்: பிரேசிலிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிறவரா, அங்கிருந்து வருகிறவரா என்பது. இப்போது ‘ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு’ ஒரு பக்கம், ‘ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு’ இன்னொரு பக்கம்.