ஸ்கைஹாக் விமானத்துக்கு மட்டும் ஏன் இறக்கை மடக்கல?

கேள்வி:
செட்டிநாடு பழைய ரன்வே பக்கம் நேத்து அக்கா பையனோட நடந்துட்டு இருந்தேன், விமானந்தாங்கிக் கப்பல் பத்திப் பேச்சு வந்துச்சு, கப்பல்ல இடம் பத்தாதுன்னு இறக்கைய மடக்குவாங்கன்னு சொன்னேன், அப்ப அமெரிக்க நேவியோட ஏ-4 ஸ்கைஹாக் போர் விமானத்துல ஏன் அது இல்லன்னு கேட்டுட்டான். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1:
தம்பி, அதோட மொத்த அகலமே 8.38 மீட்டர்தான், மடக்காமலே கப்பல் மேல்தளத்துலேர்ந்து கீழ கொண்டு போற லிஃப்ட்ல இறங்கிரும். மடக்குற கீல், மோட்டார் எல்லாம் வெயிட்டுதானே. இதைச் செஞ்ச டக்ளஸ் கம்பெனியோட வடிவமைப்பாளர் எட் ஹைன்மன் வெயிட்டக் குறைக்கிறதுலயே குறியா இருந்தாரு, நேவி 30,000 பவுண்ட் வரை போகலாம்னு சொன்னா இவரு கிட்டத்தட்ட பாதியில வரைஞ்சு குடுத்தாரு. முதல்ல பறந்தது 1954 ஜூன்ல, 1979 வரை 2,960 செஞ்சாங்க.

பதில் 2:
அண்ணே சொன்னதோட இன்னொன்னு. நம்மூரு வீட்டுல தேக்கு உத்தரத்துக்கு நடுவுல ஆசாரி துளை போட விடமாட்டாரு இல்லையா, அதே மாதிரிதான் இறக்கையோட முக்கிய சட்டமும். சக்கரத்தோட தண்ட அதுக்குள்ள நுழைக்காம கீழேயே முன்பக்கமா மடியிற மாதிரி வச்சாரு ஹைன்மன், சட்டம் வெட்டுப்படல, இறக்கைக்குள்ளயே எரிபொருளும் நிரப்பிக்கலாம். எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை அது! ஸ்கைஹாக் குண்டும் போடும், வயித்துல டேங்கக் கட்டிக்கிட்டு பறக்கும்போதே இன்னொரு விமானத்துக்கு எரிபொருளும் குடுக்கும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிண்ணே, உத்தரத்தக் காட்டியே பையனுக்குச் சொல்லிர்றேன். நம்ம தேஜஸ் போர் விமானத்தோட நேவி மாடல் 2020 ஜனவரில விக்ரமாதித்யா கப்பல்ல கொக்கி மாட்டி இறங்குச்சே, அதுக்கு இறக்கை மடங்குமா?

பதில் 1:
மடங்காது தம்பி, அதுவும் சின்னதுதான், 8.2 மீட்டர்.